வினைமுற்று வரை மூச்சு

அன்புள்ள ஐயாவுக்கு,

தண்டையார்பேட்டையில் இருக்கிறேன். வயது இருபத்தாறு. மருந்து மொத்த விற்பனைக் கடை ஒன்றில் பில் போடும் வேலை. போன ஞாயிற்றுக்கிழமை நண்பனோடு வியாசர்பாடியில் ஒரு கால்பந்து இறுதியாட்டம் பார்க்கப் போனேன். தாமதமாகப் போனதால் உட்கார இடம் இல்லை. பின்பக்கச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். முன்னால் நின்றவர்களின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கம்பத்தில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியிலிருந்து ஒரு குரல் வந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடத்தில் எட்டிப் பார்ப்பதையே விட்டுவிட்டேன். பந்து எங்கே இருக்கிறது, யார் காலில் இருக்கிறது, எல்லாம் கண்ணால் பார்ப்பது போலவே...

ஆட்டம் முடிந்ததும் அந்தக் குரலுக்கு உரியவரைத் தேடிப் போனேன். இடி போன்ற குரலாயிற்றே, ஆளும் அப்படித்தான் இருப்பார் என்று நினைத்தேன். அறுபதைத் தாண்டிய ஒல்லியான மனிதர், மேசைக்குப் பின்னால் பன்னைத் தொட்டுக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். கை கொடுத்தேன். "பின்னால் நின்றீர்களா, கேட்டதா?" என்று மட்டும் கேட்டார். வியாசர்பாடியிலேயே பிறந்து வளர்ந்தவராம். அந்தப் பகுதியில் இருந்துகொண்டு இவ்வளவு தூய தமிழா என்று ஆச்சரியமாக...

எனக்குச் சில கேள்விகள். அப்படிப்பட்ட குரல் பிறவியில் வருவதா, பயிற்சியால் வருமா? தேன், வெந்நீர், மிளகு என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லார் கையிலும் போனில் நேரலை ஓடும் காலத்தில் வர்ணனைக்கு இனி வேலை உண்டா? கணினியே பேசிவிடும் என்கிறான் நண்பன். இன்னொன்று, நான் நின்ற இடத்துக்கு மேலே இருந்த குழாய் மட்டும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. ஏன் என்று புரியவில்லை. அவரைச் சந்தித்ததிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை ஐயா. நானும் ஒருநாள் மைக் முன்னால்...

எஸ்.
தண்டையார்பேட்டை

*

அன்புள்ள எஸ்.,

நீங்கள் கை கொடுத்த மனிதரை எனக்கு முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தெரியும். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் நைனாவின் நினைவு நாள் வந்தது. எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் அழைப்போம். அவரையும் அந்தக் குரலையும் என்னால் தனித்தனியாக நினைக்க முடியாது. அதனால்தான் காத்திருக்கும் மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு முதலில் எழுதுகிறேன்.

ஆனால் அதற்குமுன் உங்களைக் கோபித்துக்கொள்ள வேண்டும். "அந்தப் பகுதியில் இருந்துகொண்டு இவ்வளவு தூய தமிழா" என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் தண்டையார்பேட்டைக்காரர். உங்களுக்கும் வியாசர்பாடிக்கும் நடுவில் கொருக்குப்பேட்டை ரயில் பாதையும் பக்கிங்காம் கால்வாயும்தான் இருக்கின்றன. தெற்கே இருப்பவர்கள் நம்மைப் பற்றிச் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, அதை நீங்களே உங்கள் பக்கத்துத் தெருவைப் பார்த்துச் சொல்லப் பழகிவிட்டீர்கள். இது எனக்கு மிகவும் வலிக்கிறது.

வட சென்னையில் பிறந்தவனுக்குத் தமிழை யாரும் தானம் செய்யவில்லை. 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். அங்கே ஆலைத் தொழிலாளர்களுக்கு முன்னால் நின்று திரு.வி.க. பேசினார். ஒலிபெருக்கி வராத காலம். ஷிப்ட் முடிந்து பஞ்சுத் தூசி படிந்த தலையோடு நின்ற மனிதர்கள் கேட்டது அந்தத் தமிழை. 1930இல் சென்னை மாநகராட்சி சொந்தமாக வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியபோது, வீட்டில் வானொலிப் பெட்டி வாங்க முடியாதவர்களுக்காகக் கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. அவற்றில் ஒன்று நம் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் இருந்தது. 1949 செப்டம்பரில் அதே பூங்காவில் கொட்டும் மழையில் அண்ணா பேசினார், நனைந்துகொண்டே கேட்டார்கள். நின்றுகொண்டு கேட்டே தமிழ் கற்ற ஊர் இது. வீட்டில் ஒரு தமிழ், சண்டையில் ஒரு தமிழ், மைக் முன்னால் ஒரு தமிழ் என்று மூன்றையும் வைத்திருப்பவர்கள் நாம். மூன்றும் நம்முடையவை. அந்த மனிதர் மைக்கை அணைத்துவிட்டு வீட்டில் பேசும் தமிழும் எனக்குத் தெரியும், அதுவும் அழகாகவே இருக்கும்.

உங்கள் அந்த வாக்கியம் "ஆச்சரியமாக..." என்று பாதியில் நிற்கிறதே, அதை நினைவில் வையுங்கள். அதற்குத் திரும்பி வருவேன்.

தேன், வெந்நீர், மிளகு. தொண்டை கட்டினால் மருத்துவரைப் பாருங்கள். இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இப்போது இடிக்கு வருகிறேன். அவர் குரல் இடி போன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. நீங்கள் கேட்டது ஒலிபெருக்கியின் சத்தத்தை. அதே ஒலிபெருக்கியில் இடைவேளையின்போது காணாமல்போன குழந்தையைப் பற்றியும் யாரோ அறிவித்திருப்பார். அதே சத்தம்தான். அதில் ஒரு சொல்லாவது உங்களுக்கு நினைவிருக்கிறதா? குரலின் வலிமை சத்தத்தில் இருப்பதாக நம்புகிறவர்கள் மைதானத்தில் மட்டும் இல்லை, மேடையிலும் வகுப்பறையிலும் இருக்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை பதினான்கு வயதில் போய்விட்டது. போக்கியவர் நைனா.

நைனா நெசவாலைத் தொழிலாளி. தறிக்கூடத்தில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தார். நூலைச் சுமக்கும் நாடா இங்கும் அங்கும் அடிபடும் பழைய தறிகள் நூற்றுக்கணக்கில் ஓடும் கூடத்தில் இரைச்சல் நூறு டெசிபலை எட்டும். பக்கத்தில் நிற்பவன் காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்கூடத்துக்காரர்களுக்குக் கைச்சாடையும் வாயசைவும்தான் மொழி. அப்படியே கேட்கும் திறனும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். போவதிலும் ஒரு வரிசை இருக்கிறது. இரைச்சலால் கெடும் காது, முதலில் 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய உயர்ந்த ஒலிகளை இழக்கிறது. உயிரெழுத்துகளின் ஓசை பெரும்பாலும் அதற்குக் கீழே இருப்பதால் அது தங்கிவிடுகிறது. ச, த, ப, க போன்ற வல்லின ஒலிகளின் கூர்மை போய்விடுகிறது. ஆகவே நைனாவுக்கு நாங்கள் பேசுவது கேட்கும், ஆனால் என்ன பேசுகிறோம் என்பது புரியாது. இது முழுச் செவிடைவிடக் கொடுமையானது. "கத்தாதே, சொல்" என்பார். அம்மா கத்துவார். கத்தக் கத்த உயிரோசைதான் பெருகும், மெய்யெழுத்து இன்னும் மங்கிப்போகும். அவர் வாசலில் போய் உட்கார்ந்துகொள்வார். எங்கள் வீட்டில் நடந்த பாதிச் சண்டைகள் இப்படித் தொடங்கியவை.

ஆனால் அவர் வானொலியில் கிரிக்கெட் வர்ணனை கேட்பார். இது எங்களுக்கெல்லாம் புதிராக இருந்தது. டிரான்சிஸ்டரை வலது காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, இடது கையை உயர்த்தி எங்களைப் பேச வேண்டாம் என்பார். சேப்பாக்கத்தில் டெஸ்ட் நடக்கும் நாட்களில் தமிழ் வர்ணனை வரும். அப்துல் ஜப்பார், கூத்தபிரான் போன்றவர்கள் பேசிய காலம் அது. பெற்ற பிள்ளை பேசுவது புரியாத மனிதருக்கு, முகம் தெரியாத ஒருவர் எங்கோ உட்கார்ந்து பேசுவது எப்படிப் புரிகிறது? சொல்லப்போனால் எனக்குப் பொறாமையாக இருந்தது.

1986 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஆஸ்திரேலியாவுடனான டெஸ்ட்டின் ஐந்தாம் நாள். பள்ளி விட்டதும் புத்தகப் பையோடு ஓடி வந்தேன். நைனா முதல் ஷிப்ட் முடித்து வந்து வாசல் திண்ணையில் டிரான்சிஸ்டரோடு உட்கார்ந்திருந்தார். நானும் அதே பெட்டியின் மறுபக்கத்தில் என் காதை ஒட்டிக்கொண்டேன். எங்கள் இருவர் தலைக்கும் நடுவில் அந்தப் பெட்டி. வெற்றிக்கு 348 ஓட்டங்கள். கடைசி ஓவரில் நான்கு வேண்டும், கையில் ஒரே விக்கெட். சாஸ்திரி இரண்டு எடுத்தார், பிறகு ஒன்று. எண்ணிக்கை சமமானது. இனி மணிந்தர் சிங் ஆட வேண்டும். கிரெக் மாத்யூஸின் ஐந்தாவது பந்து காலில் பட்டது. சேப்பாக்கமே கத்தியது. பெட்டிக்குள்ளிருந்து வந்த கூச்சலில் எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. நல்ல காது இரண்டும் இருந்தும் நான் விழித்தேன். நைனா பெட்டியை மெதுவாகக் காதிலிருந்து எடுத்தார். "கொடுத்துவிட்டார்" என்றார்.

எப்படி நைனா, என்று கேட்டேன். கையால் சாடை காட்டிக் கேட்டேன். அவர் சொன்னது இன்றும் அப்படியே இருக்கிறது: "எல்லாரும் கத்தி முடிக்கிற வரைக்கும் அந்த மனிதர் கடைசிச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் கொடுத்தார்."

டெஸ்ட் வரலாற்றில் 1960இல் பிரிஸ்பேனில் ஒருமுறை, அன்று சேப்பாக்கத்தில் ஒருமுறை, இரண்டே முறைதான் ஆட்டம் அப்படிச் சரிசமனாக முடிந்திருக்கிறது. அதை எனக்குச் சொன்னவர் காது கேளாத என் நைனா.

இதை நான் பல ஆண்டுகள் யோசித்திருக்கிறேன். யோசித்ததைக் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தமிழில் வினை கடைசியில் வருகிறது. "இடது ஓரத்தில், பாதிக்கோட்டைத் தாண்டி, ஏழாம் எண் ஆட்டக்காரர், பந்தை, கோலை நோக்கி" என்பது வரை எதுவும் நடக்கவில்லை. இடத்தை வரைகிறோம், ஆளை நிறுத்துகிறோம், பந்தை வைக்கிறோம். நடந்தது என்ன என்பது கடைசிச் சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லிலும் கடைசி அசையில் இருக்கிறது. அடித்தார், அடிக்கவில்லை, அடித்திருப்பார், அடிக்கப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலை ஒன்றுதான், வால்தான் வேறு. ஆட்டம் முழுவதும் அந்த வாலில் இருக்கிறது.

வர்ணனைக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இருக்க முடியாது என்பது என் எண்ணம். கண் எந்த வரிசையில் பார்க்கிறதோ அந்த வரிசையில் தமிழ் சொல்கிறது. ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. பரபரப்பு வந்தால் மனிதன் மூச்சை முதலிலேயே செலவழித்துவிடுகிறான். "இதோ ஏழாம் எண்!" என்று உச்சத்தில் தொடங்கி, வினைமுற்றுக்கு வரும்போது மூச்சு காலியாகி, குரல் தரையில் கிடக்கிறது. சொல்லில் முக்கியமான இடத்துக்குக் காற்று இல்லை. இப்போது நீங்கள் கேட்கும் பத்து வர்ணனைகளில் எட்டு இப்படித்தான் இருக்கின்றன. பெயரை அலறுகிறார்கள், வினையை விழுங்குகிறார்கள். தொலைக்காட்சியில் படம் இருப்பதால் பிழைத்துக்கொள்கிறார்கள். வியாசர்பாடிச் சுவரோரம் முதுகுகளுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு அந்தப் பேச்சால் என்ன பயன்?

வர்ணனையாளர்கள் மட்டும் இல்லை. மருத்துவமனையில் சீட்டு கொடுப்பவர் "இரண்டாவது மாடிக்கு" என்பது வரை உரக்கச் சொல்கிறார். போக வேண்டுமா, போக வேண்டாமா என்பது அவர் வாய்க்குள்ளேயே போய்விடுகிறது. கேட்கும் முதியவர் மறுபடி கேட்டால் எரிந்து விழுகிறார்கள். ரயில் நிலைய அறிவிப்பு, பள்ளி ஆண்டுவிழா, கோயில் மைக், எங்கும் இதுதான். சரோஜ் நாராயணசுவாமியின் செய்தி வாசிப்பைக் கேட்டு வளர்ந்த தலைமுறை எங்களுடையது. ஒரு வாக்கியமாவது அவர் குரலில் முடியாமல் நின்றதை நான் கேட்டதில்லை. மொழியின் இலக்கணம் பள்ளியில் தேர்வுக்காக இருப்பது என்று நினைத்துவிட்டோம். வினைமுற்று என்பது மூச்சை எங்கே சேமிக்க வேண்டும் என்று சொல்லும் குறிப்பும்தான்.

சரி, உங்கள் மனிதருக்கு வருகிறேன்.

1990. இத்தாலியில் உலகக் கோப்பை நடந்த ஆண்டு. கேமரூன் அணியின் ரோஜர் மில்லா கொடிக்கம்பத்தருகே இடுப்பை வளைத்து ஆடியதைப் பார்த்துவிட்டு வியாசர்பாடிப் பையன்கள் எல்லாரும் கோல் அடித்தால் அப்படியே ஆடிய நேரம். மழை நின்ற ஒரு ஞாயிறு, மைதானத்தில் சேறு. நைனாவை அழைத்துப் போயிருந்தேன். கூட்டத்தின் இரைச்சல் தாங்காமல் அவர் பின்பக்கச் சுவரோரம், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டார். அன்று மைக் பிடித்தவர் துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர். வெண்கலக் குரல். நீங்கள் சொன்ன இடி அன்று இருந்தது. கூட்டம் அவரைக் கேட்டுக் கைதட்டியது.

இடைவேளையில் நைனா சேற்றில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக மேசைக்குப் போனார். நான் பின்னால் ஓடினேன். காது மந்தமானவர்கள் எவ்வளவு உரக்கப் பேசுகிறோம் என்று தெரியாமல் பேசுவார்கள். மைக்கும் அணைக்கப்படாமல் இருந்தது. மைதானம் முழுவதும் கேட்டது.

"தம்பி, பந்தை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவருகிறாய். வாசலில் போட்டுவிட்டு ஓடிப்போகிறாய். உள்ளே போயிற்றா இல்லையா? அதைச் சொல்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த இளைஞர் முகம் கறுத்துப்போனதைப் பார்த்தேன். எனக்கு நைனாவின் மேல் கடுங்கோபம். வீடு வரும்வரை பேசவில்லை.

மறுநாள் மாலை அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று அம்மா பயந்துவிட்டார். "ஐயா, நேற்று எது எது கேட்கவில்லை?" என்று கேட்டார். நைனா அவரை உட்காரச் சொல்லவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்தில் மின்கம்பத்தடியில் நிற்கச் சொன்னார். அன்றைய தினத்தந்தியைக் கையில் கொடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு விளையாட்டுப் பக்கத்தைப் படி என்றார். திருப்பச் சொன்னதற்குக் காரணம், முகம் தெரிந்தால் இவர் வாயசைவைப் படித்துவிடுவார். இளைஞர் படிப்பார். ஒரு வாக்கியத்தின் வால் காதுக்கு வராவிட்டால் நைனா திண்ணையில் கையைத் தட்டுவார். நின்று, மறுபடி அதே வாக்கியம். நடுவில் சைக்கிள் போகும், தண்ணீர் லாரி போகும், குழாயடியில் சண்டை நடக்கும். அவற்றை மீறி கத்தக் கூடாது. ஓசை அடங்கும்வரை கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இப்படி ஏறக்குறைய இரண்டு மாதம். தெருவே வேடிக்கை பார்த்தது. அந்த மனிதர் வெட்கப்படவில்லை. வேலை முடிந்து துறைமுகத்திலிருந்து நேராக வருவார், கழுத்தில் வியர்வைத் துண்டோடு.

பயிற்சியால் வருமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஏன் வாலை விழுங்கினார் என்று பிற்காலத்தில் அவரே எனக்குச் சொன்னார். பயம். பந்து கோலுக்குள் போனதா, கம்பத்தில் பட்டு வெளியே போனதா என்று கண்ணுக்குத் தெரிவதற்குள் வாய் முந்திக்கொள்ளும். தவறாகச் சொல்லிவிட்டால் கூட்டம் கேலி செய்யும். ஆகவே கடைசி அசையை மென்று வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் தப்பிக்கலாம். நைனா அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்பதுதான் அவரை அன்று இரவு தூங்கவிடாமல் செய்ததாம்.

இன்னொரு நுட்பத்தையும் அவரே பின்னால் கற்றுக்கொண்டார். மைதானத்தின் இரு முனைகளிலும் குழாய் கட்டினால், நடுவில் நூறு மீட்டர் இடைவெளி இருக்கும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகிறது. ஒரு முனையில் நிற்பவனுக்குப் பக்கத்துக் குழாயின் சொல் முதலில் கேட்கும், எதிர்க் குழாயின் அதே சொல் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு நொடி கழித்து வந்து மோதும். வேகமாகப் பேசினால் சொல்லின் மேல் சொல் விழுந்து கூழாகிவிடும். அதனால் அவர் இரண்டு சொற்களுக்கு நடுவில் அந்த எதிரொலி வந்து விழ இடம் விடுகிறார். நீங்கள் அவர் நிதானத்தைக் கேட்டீர்கள், அந்த இடைவெளியைக் கவனித்தீர்களா? கடல் காற்று அடிக்கும் மாலைகளில் இன்னும் கொஞ்சம் கூட்டிவிடுவார்.

இடி என்று நினைத்த நீங்கள் அவரைக் கேரம் ஆட்டத்தில் கேட்க வேண்டும். வட சென்னைக்குக் கேரம் என்ன என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகச் சாம்பியன் பட்டத்தை இருமுறை வென்ற மரிய இருதயத்தை நம் மன்றங்களில் கடவுளைப் போலப் பேசுவார்கள். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா நம் வண்ணாரப்பேட்டைப் பெண். ராயபுரத்தில் ஒரு மன்றப் போட்டியில், ஒரு சிறிய மைக்கை உதட்டோடு ஒட்டிவைத்துக்கொண்டு, ஆட்டக்காரரின் விரல் நடுங்காத அளவுக்குத் தாழ்ந்த குரலில் அவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். "சிவப்பு, வலது மூலைப் பைக்கு முன்னால், ஒரு விரல் அகலத்தில், நிற்கிறது." பின்வரிசையில் நின்ற எனக்கு அந்த "நிற்கிறது" கடைசி எழுத்து வரை கேட்டது.

போன், நேரலை, கணினி. கணினி பேசட்டும். பின்னால் நின்றவனிடம் கேட்டதா என்று அது கேட்குமானால் எனக்கு எழுதுங்கள், அப்போது யோசிக்கலாம்.

அந்தக் குழாயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். 1990க்குப் பிறகு நைனா ஒவ்வொரு போட்டிக்கும் போனார். எப்போதும் அதே சுவரோரம்தான். ஆட்டத்தைப் பார்க்க மாட்டார், தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார். அந்த இடத்துக்கு ஒரு குழாயைத் தனியாகத் திருப்பிக் கட்டச் சொன்னவர் உங்கள் மனிதர்தான். முதல் வாக்கியத்தைச் சொல்லிவிட்டு எட்டிப் பார்ப்பார். நைனா கையைத் தூக்கினால் ஆட்டத்தைத் தொடர்வார். 2004இல் நைனா போய்விட்டார். மைக் செட்காரரும் காலமாகி, இப்போது அவர் மகன் கட்டுகிறான். நான் அவனிடம் ஒருமுறை கேட்டேன், ஏன் இப்படி என்று. "அண்ணன் அப்படித்தான் கட்டச் சொல்வார்" என்றான். அதற்குமேல் அவனுக்குத் தெரியாது. போன ஞாயிறு நீங்கள் நின்றது அந்த இடம்.

இப்போது உங்கள் கடிதத்தை மறுபடி எடுக்கிறேன். மூன்று இடங்களில் புள்ளிகளை வைத்துவிட்டு ஓடியிருக்கிறீர்கள். "கண்ணால் பார்ப்பது போலவே" என்று ஒன்று. அதை விடுகிறேன், மகிழ்ச்சியில் சொல் தட்டியிருக்கும். "ஆச்சரியமாக" என்று இன்னொன்று. அங்கே "இருந்தது" என்று எழுத உங்கள் கை கூசியிருக்கிறது. அப்படி எழுதினால் அது உங்கள் கருத்தாகிவிடும், அதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டும். சொல்லவும் வேண்டும், சொன்னதாகவும் இருக்கக் கூடாது. அந்த இளைஞர் 1990இல் செய்தது இதைத்தான். அவரைத் திண்ணையில் கையைத் தட்டி நிறுத்த ஒரு கிழவர் இருந்தார்.

மூன்றாவது, கடிதத்தின் கடைசி வரி. "நானும் ஒருநாள் மைக் முன்னால்..."

உட்கார வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்களா? பேச முடியுமா என்று சந்தேகப்படுகிறீர்களா? பேசிப் பார்த்துத் தோற்றுவிட்டீர்களா? எனக்குக் கேட்கவில்லை, தம்பி. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் முடித்து, ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். அது வந்த பிறகு உங்களை அவரிடம் நானே அழைத்துப் போகிறேன். வரும்போது அன்றைய தினத்தந்தியை எடுத்து வாருங்கள்.